கைப்பேசி காத்திருக்கக் கற்ற கதை

1990ஆம் ஆண்டு முடியும் தறுவாயில், ஜெனீவா நகருக்கு வெளியே இருக்கும் செர்ன் ஆய்வுக்கூடத்தில், டிம் பெர்னர்ஸ்-லீ தம்முடைய கறுப்பு நெக்ஸ்ட் கணினியில் இரண்டு நிரல்களை ஓடவிட்டார். ஒன்று கேட்கும், மற்றது கொடுக்கும். துகள் இயற்பியல் ஆராய வந்து சில ஆண்டுகளில் ஊர் திரும்பிவிடும் விஞ்ஞானிகளின் ஆவணங்கள் ஆளுக்கொரு கணினியில் சிதறிக் கிடந்தன. அவற்றையெல்லாம் கோத்துக் கட்ட அவர் முந்தைய ஆண்டு மார்ச்சில் ஒரு திட்டம் எழுதிக் கொடுத்திருந்தார். தெளிவில்லாவிட்டாலும் ஆர்வமூட்டுகிறது என்ற பொருளில் அதன் மேல் குறிப்பெழுதிய மேலாளர் மைக் செண்டல், முறையான அனுமதி எதுவும் தரவில்லை. கணினி ஒன்று வாங்கிக்கொள்ள மட்டும் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பே போதுமானதாக இருந்தது.

கேட்கும் நிரல் அனுப்பியது ஒரே வரி. 'கெட்' என்ற கட்டளை, ஓர் இடைவெளி, வேண்டிய ஆவணத்தின் பாதை. கொடுக்கும் நிரல் ஆவணத்தை அப்படியே அனுப்பிவிட்டு இணைப்பைத் துண்டித்துக்கொள்ளும். யார் கேட்கிறார்கள், எந்த மொழியில் வேண்டும், கிடைத்ததா இல்லையா என்பதற்கெல்லாம் அதில் இடமே கிடையாது. 404 என்ற எண்கூட அப்போது பிறக்கவில்லை. எதையும் அமைத்துக்கொள்ள வேண்டிய தேவையே இல்லாத அந்த ஒற்றை வரிக்கு எச்டிடிபி என்று பெயர். பதில் வர எவ்வளவு நேரம் பொறுத்திருப்பது என்று அங்கே யாரும் கவலைப்படவில்லை. முதலில் கேட்பதும் கொடுப்பதும் ஒரே கணினிக்குள்தான் நடந்தன. கவலைப்பட வேண்டிய நாள் வந்தபோது, அந்த ஒற்றை வரி உலகம் முழுக்கப் பரவிவிட்டிருந்தது.

1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் தன் உரிமையை விட்டுக்கொடுத்து, வலையை எல்லோருக்கும் இலவசமாக்கியது. அதே ஆண்டில் இல்லினாய் பல்கலைக்கழக வளாகத்திலிருந்து மொசைக் உலாவி வந்தது. கூட்டம் சேரச் சேர ஒற்றை வரி போதவில்லை. கேட்பவர் யார், எதை ஏற்றுக்கொள்வார், எங்கிருந்து வந்தார் என்று சொல்லும் ஹெடர் வரிகள் அதன் கீழே ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டன. 1996 மே மாதம் அவையெல்லாம் ஆவணமாக வெளிவந்தபோது, எங்கிருந்து வந்தார் என்பதைச் சொல்லும் ஹெடரின் எழுத்துக்கூட்டில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. அதற்குள் உலகத்துச் சர்வர்களெல்லாம் அந்தப் பிழையான எழுத்துக்கூட்டையே பழகிவிட்டதால் இன்றுவரை அது திருத்தப்படவில்லை. பரவலாகப் பயன்படத் தொடங்கிய எதையும் பிறகு மாற்ற முடியாது என்ற பாடம் இந்தத் துறைக்கு அப்போதே கிடைத்துவிட்டது. அந்தப் பாடத்தை அது எத்தனை முறை மறந்தது என்பதுதான் இனி வரும் கதை.

1997 ஜனவரியில் எச்டிடிபியின் அடுத்த பதிப்பு, எந்தத் தளத்தின் பக்கம் வேண்டும் என்று ஒவ்வொரு கோரிக்கையும் பெயர் சொல்லியாக வேண்டும் என விதித்தது. அதனால் ஒரே ஐபி முகவரியில் பல தளங்கள் குடியிருக்க முடிந்தது. முகவரிகள் தீர்ந்துபோகும் ஆபத்தைப் பல ஆண்டுகள் தள்ளிப்போட்ட விதி அது. ஒரு முறை திறந்த இணைப்பை மூடாமல் வைத்திருந்து அடுத்தடுத்த கோரிக்கைகளுக்குப் பயன்படுத்தும் வழக்கமும் அந்தப் பதிப்பில்தான் நிலைபெற்றது. எல்லாம் சரி, கேட்டவர் எத்தனை நேரம் காத்திருந்துவிட்டு எழுந்து போகலாம்? அந்தக் கணக்கை விதி எழுதியவர்கள் நிரல் எழுதுபவர்களின் பொறுப்பில் விட்டுவிட்டார்கள்.

நிரல் எழுதியவர்களும் அதைக் கையில் எடுக்கவில்லை. சன் நிறுவனம் 1997இல் வெளியிட்ட ஜாவா 1.1இல், எச்டிடிபி கோரிக்கை அனுப்புவதற்கென்றே எச்டிடிபி-யூஆர்எல்-கனெக்‌ஷன் என்ற கருவி சேர்ந்தது. காத்திருப்புக்குக் கெடு வைக்கும் வசதி அதில் இல்லை. 2004இல் ஜாவா 5 வந்தபோதுதான் இணைப்புக்கு ஒன்று, படிப்பதற்கு ஒன்று என இரண்டு கெடுக்கள் கிடைத்தன. நிரலாளர் எதுவும் சொல்லாவிட்டால் இரண்டிலும் இருந்த மதிப்பு பூஜ்யம். அந்தக் கருவியின் அகராதியில் பூஜ்யம் என்றால் முடிவே இல்லாமல் காத்திரு என்று பொருள். மேசைக் கணினியும் கம்பி இணைப்புமாக இருந்த உலகில் அந்தப் பூஜ்யம் பெரிய தீங்கு செய்யவில்லை.

கம்பி இல்லாத உலகம் வேறொரு பாதையில் போய்க்கொண்டிருந்தது. 1997இல் நோக்கியா, எரிக்சன், மோட்டரோலா, அன்வயர்டு பிளானட் ஆகிய நான்கு நிறுவனங்கள் கூடி, கைப்பேசிக்கு எச்டிடிபி ஒத்துவராது என்று முடிவுகட்டின. மெதுவான இணைப்பு, குட்டித் திரை, கொஞ்சநஞ்ச நினைவகம். இவற்றுக்கென்று வாப் என்ற தனி நெறிமுறை, தனிப் பக்கமொழி, நடுவில் நின்று மொழிபெயர்க்க ஒரு வாயில் கணினி எல்லாவற்றையும் புதிதாகச் செய்தார்கள். 1999இல் நோக்கியா 7110 அதைச் சுமந்துகொண்டு கடைக்கு வந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில், ஜப்பானில் என்டிடி டோகோமோ நிறுவனம் எதிர்த் திசையில் நடந்திருந்தது. வலையின் பக்கமொழியையே கொஞ்சம் குறுக்கி, ஐ-மோடு என்ற பெயரில் கொடுத்தது. வாப் பக்கங்கள் காற்றாடிக்கொண்டிருக்க, ஐ-மோடுக்குக் கோடிக்கணக்கில் வாடிக்கையாளர்கள் சேர்ந்தார்கள்.

2002இல் வாப் 2.0 வந்தபோது, தள்ளிவைத்த எச்டிடிபியையே அது உள்ளே அழைத்துக்கொண்டது. கைப்பேசிக்கென்று தனி வலை கிடையாது என்பது அத்துடன் உறுதியானது. செர்னில் பிறந்த அந்தக் கோரிக்கைதான், அதன் ஹெடர்களோடும் பிழையான எழுத்துக்கூட்டோடும், கைப்பேசிக் கோபுரங்களின் வழியாகவும் போகப்போகிறது. ஆனால் அதுவரை கோரிக்கையை அனுப்பியது உலாவி. உலாவியைக் கட்டியவர்கள் உலகில் சில நூறு பேர் இருந்திருப்பார்கள். அந்த வேலை லட்சக்கணக்கானவர்களின் கைக்கு மாறப்போவதை ஸ்டீவ் ஜாப்ஸேகூட விரும்பவில்லை.

2007 ஜூனில் ஐபோன் விற்பனைக்கு வரவிருந்த நேரத்தில், வெளியார் அதற்குச் செயலி எழுத விரும்பினால் உலாவிக்குள் ஓடும் வலைச்செயலிகளாக எழுதிக்கொள்ளட்டும் என்றார் ஜாப்ஸ். நிரலாளர்கள் முகம் சுளித்தார்கள். நான்கே மாதங்களில் ஆப்பிள் தன் முடிவை மாற்றிக்கொண்டது. 2008 ஜூலை 10 அன்று ஆப் ஸ்டோர் சுமார் 500 செயலிகளோடு திறந்தது. அதற்குப் பின் செயலி எழுதும் ஒவ்வொருவரும் தம் கோரிக்கையைத் தாமே அமைத்து அனுப்ப வேண்டியிருந்தது. எந்த ஹெடர், எந்தக் குறியாக்கம், எத்தனை முறை முயல்வது, எப்போது கைவிடுவது எல்லாமே அவர் தலையில். ஆப்பிளின் கருவி யாரும் சொல்லாவிட்டாலும் 60 விநாடியில் கைவிட்டுவிடும். போட்டிக்கு வந்த கைப்பேசிக்கு அந்த விவேகம் வாய்க்கவில்லை.

2008 அக்டோபரில் அமெரிக்காவில் முதல் ஆண்ட்ராய்டு கைப்பேசியான ஜி1 விற்பனைக்கு வந்தது. செயலிகளை ஜாவா மொழியில் எழுதலாம், ஆனால் உள்ளே இருந்தது சன் நிறுவனத்தின் ஜாவா அல்ல. உரிமப் பேச்சுவார்த்தை கைகூடாததால், அப்பாச்சி அமைப்பின் ஹார்மனி என்ற திறந்த மூலத் திட்டத்திலிருந்து அடிப்படை நூலகங்களைக் கூகுள் எடுத்துக்கொண்டது. அந்தப் பழைய எச்டிடிபி-யூஆர்எல்-கனெக்‌ஷனின் ஹார்மனி வடிவமும், பூஜ்யக் கெடுவோடு, அந்த மூட்டையில் வந்து சேர்ந்தது. போதாதென்று அப்பாச்சியின் இன்னொரு கருவியான எச்டிடிபி-கிளையன்ட்டையும் சேர்த்துக்கொண்டார்கள். அதன் நான்காம் பதிப்பு அப்போது முழுமையடைந்திருக்கவில்லை. பீட்டா நிலைக்கும் முந்தைய ஒரு நகலை எடுத்து, கைப்பேசிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள்.

பூட்டிய பிறகுதான் சிக்கல் தெரிந்தது. அப்பாச்சிக்காரர்கள் தம் பக்கத்தில் பிழைகளைத் திருத்தி முழுப் பதிப்பை வெளியிட்டார்கள். கைப்பேசிக்குள் இருந்த நகலோ அப்படியே இருந்தது. அதைத் தொட்டால் ஏற்கெனவே வெளியான செயலிகள் உடையும். சரி, புதிய பதிப்பைச் செயலிக்குள்ளேயே வைத்து அனுப்பலாம் என்றால், உள்ளே இருப்பதற்கும் வெளியிலிருந்து வருவதற்கும் ஒரே பெயர். பெயர் மோதலில் கைப்பேசியில் இருக்கும் பழைய நகலே வெல்லும். பிழையான எழுத்துக்கூட்டு நிலைத்துப்போன அதே கதை, இந்த முறை ஒரு முழு நூலகத்துக்கு நேர்ந்தது.

மற்ற கருவியின் நிலைமை இன்னும் மோசம். திறந்த இணைப்பை மூடாமல் வைத்திருந்து மறுபடி பயன்படுத்தும் குளம் ஒன்று அதனுள் உண்டு. பதிலை முழுதாகப் படித்து முடிக்காமல் ஒரு செயலி பாதியில் மூடினால், கெட்டுப்போன அந்த இணைப்பு குளத்துக்கே திரும்பிப் போய், சம்பந்தமில்லாத அடுத்த கோரிக்கையைக் கெடுத்தது. ஆண்ட்ராய்டு 2.2 வரும்வரை இந்தப் பிழை இருந்தது. குளத்தையே மூடிவிடுவது ஒன்றுதான் நிவாரணம். அப்படி மூடினால் ஒவ்வொரு கோரிக்கைக்கும் புது இணைப்பு, புது அறிமுகம், புதுத் தாமதம். இதற்கான மாற்று மருந்து கூகுள் வளாகத்தில் மட்டும் தயாராகவில்லை. அதற்கான முதல் தூண்டுதல், கணினிக்குச் சம்பந்தமில்லாத ஒரு கண்ணாடிப் பட்டறையிலிருந்து வந்தது.

ஜி1 வெளியான அதே அக்டோபரில், ட்விட்டரின் தலைமைப் பொறுப்பிலிருந்து ஜாக் டார்சி இறக்கப்பட்டார். அடுத்து என்ன என்று தெரியாமல் இருந்தவருக்கு, செயின்ட் லூயிஸ் நகரில் ஒரு பழைய நண்பர் இருந்தார். பதின்வயதில் டார்சி வேலை பழகிய நிறுவனத்தின் உரிமையாளர் ஜிம் மெக்கெல்வி. பொழுதுபோக்காகத் தொடங்கிய கண்ணாடி ஊதும் கலையில் மெக்கெல்வி ஊறிப்போயிருந்தார். அவர் செய்த கண்ணாடிக் குழாய் ஒன்றைச் சுமார் 2,000 டாலருக்கு வாங்க ஒரு வாடிக்கையாளர் தயாராக இருந்தும், அவர் நீட்டிய கடனட்டையை வாங்கும் வசதி பட்டறையில் இல்லாததால் அந்த வியாபாரம் கைநழுவியது. கையில் கைப்பேசி இருக்கிறது, அது ஏன் அட்டையை வாங்கக்கூடாது என்று அவர் டார்சியிடம் கேட்டார். 2009இல் ஸ்கொயர் நிறுவனம் பிறந்தது.

கைப்பேசியின் ஹெட்போன் துளையில் செருகும் சின்னஞ்சிறு சதுரப் பெட்டி. அட்டையை அதில் இழுத்தால், காந்தப்பட்டையில் உள்ள தகவல் ஒலியாக மாறி உள்ளே போகும். பார்க்க எளிதாக இருந்த அந்த வேலையின் மறுபாதி கடினமானது. சந்தையில் காய்கறி விற்பவரும் தெருவோரம் காபி விற்பவரும் அதைப் பயன்படுத்துவார்கள். அவர்கள் நிற்கும் இடத்தில் சிக்னல் வரும், போகும். பணம் கேட்டுக் கோரிக்கை போய்விட்டது, பதில் வரவில்லை என்றால், பணம் பிடிக்கப்பட்டதா இல்லையா? பக்கத்தைக் கேட்கும் கெட் கோரிக்கையை எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்ப அனுப்பலாம். பணத்தைக் கேட்கும் போஸ்ட் கோரிக்கையை யோசிக்காமல் திரும்ப அனுப்பினால், வாடிக்கையாளர் ஒரே காபிக்கு இரண்டு முறை காசு கொடுப்பார்.

என் கணிப்பில் இந்தக் கதையின் அச்சாணி இதுதான். படமோ செய்தியோ காட்டும் செயலியில் ஒரு கோரிக்கை தொலைந்தால் பயனர் திரையைக் கீழே இழுத்துவிட்டுப் போய்விடுவார். பணம் வாங்கும் செயலியில் தொலைந்துபோகும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் கடைக்காரரின் கண்ணெதிரே ஒரு வாடிக்கையாளர் நிற்கிறார். எச்டிடிபியின் நுணுக்கங்களை விட்டுக்கொடுக்காமல் சரிசெய்தே ஆக வேண்டிய நெருக்கடி அப்படிப்பட்ட இடத்தில்தான் வரும். 2010இல் அந்த இடத்துக்குக் கூகுளிலிருந்து ஒருவர் வந்தார். ஆண்ட்ராய்டின் அடிப்படை நூலகங்களை வழிநடத்திய பாப் லீ. பின்னாளில் ஸ்கொயரின் முதல் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி ஆனவர். கைப்பேசிக்குள் என்ன பூட்டிவைக்கப்பட்டிருக்கிறது என்பது அவரைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் மிகச் சிலர்.

கூகுளில் அவர் விட்டுவந்த வேலை நின்றுவிடவில்லை. காத்திருப்பின் முதல் கொடுமையை அங்கே 2011இல் ஒருவாறு அடக்கினார்கள். திரையை வரையும் அதே முதன்மை இழையில் கோரிக்கையை அனுப்பிவிட்டுப் பதிலுக்காக உட்கார்ந்திருந்த செயலிகள் ஏராளம். ஐந்து விநாடிக்கு மேல் தொடுதலுக்கு அசையாவிட்டால், இந்தச் செயலி இயங்கவில்லை, மூடிவிடலாமா என்று ஆண்ட்ராய்டே பயனரைக் கேட்கும். ஹனிகோம்ப் என்ற ஆண்ட்ராய்டுப் பதிப்பிலிருந்து, முதன்மை இழையில் கோரிக்கை அனுப்பினாலே செயலி அந்த இடத்தில் விழும்படி செய்துவிட்டார்கள். கடுமையான வைத்தியம்தான். திரை உறைவது குறைந்தது. ஆனால் பின்னணிக்குப் போன இழை அங்கேயும் முடிவில்லாமல்தான் காத்திருந்தது.

ஏன் முடிவில்லாமல்? சர்வர் முறைப்படி இணைப்பை மூடினால் கைப்பேசிக்குத் தகவல் வரும். சுரங்கப்பாதைக்குள் நுழைந்து சிக்னல் அறுந்தாலோ, நடுவில் ஒரு ரவுட்டர் இணைப்பை மறந்துவிட்டாலோ, எந்தத் தகவலும் வராது. ரயில் ரத்தான செய்தி எட்டாத சின்ன ஸ்டேஷனில் பெட்டி படுக்கையோடு நிற்கும் பயணியைப்போல, படித்துக்கொண்டிருக்கும் இழை அடுத்த பைட்டுக்காக நின்றுகொண்டே இருக்கும். மேசைக் கணினியில் அரிதாக நடந்த இந்த விபத்து, கைப்பேசியில் அன்றாட நிகழ்ச்சி ஆனது.

2011 செப்டம்பர் 29 அன்று, கூகுளின் ஆண்ட்ராய்டுக் குழுவைச் சேர்ந்த ஜெசி வில்சன் நிரலாளர்களுக்காக ஒரு கட்டுரை வெளியிட்டார். அப்பாச்சி நகலில் தாங்கள் இனி வேலை செய்யப்போவதில்லை என்று அதில் வெளிப்படையாகச் சொன்னார். மறுபக்கம், ஹார்மனியிலிருந்து வந்த கருவியை அவர் குழு உள்ளிருந்து திருத்தி எழுதியிருந்தது. குளத்தின் நஞ்சு போயிற்று. பதிலைச் சுருக்கி அனுப்பு என்று சர்வரிடம் தானாகவே கேட்டு, வந்ததைத் தானாகவே விரித்துக் கொடுத்தது. பாதுகாப்பான இணைப்பில் புதிய வசதிகளோடு முயன்று, தோற்றால் அவையில்லாமல் மறுபடி முயன்றது. ஆண்ட்ராய்டின் ஜிஞ்சர்பிரெட் பதிப்பு முதல் இதையே பயன்படுத்துங்கள் என்று முடித்தார். அடுத்த மாதங்களில் ஹார்மனி திட்டமே மூடப்பட்டது. அதன் பிள்ளை மட்டும் ஆண்ட்ராய்டுக்குள் உயிரோடு வளர்ந்துகொண்டிருந்தது.

வளர்ச்சி யாருக்குப் போய்ச் சேர்ந்தது? அங்கேதான் அடுத்த முட்டுக்கட்டை. திருத்தம் ஆண்ட்ராய்டின் புதிய பதிப்போடு சேர்ந்தே வரும். புதிய பதிப்போ பெரும்பாலும் புதுக் கைப்பேசியோடுதான் வரும். தயாரிப்பாளர் அனுமதி, தொலைபேசி நிறுவன அனுமதி என்று ஒவ்வொரு வாசலிலும் அது நின்று நின்று போக வேண்டியிருந்தது. 2012ஆம் ஆண்டின் நடுப்பகுதியில்கூட ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் பாதிக்கு மேல் பழைய ஜிஞ்சர்பிரெட்டில்தான் ஓடின. ஓர் எச்டிடிபி பிழையை இன்று சரிசெய்தால், அந்த மருந்து எல்லோருக்கும் போய்ச்சேர ஆண்டுகள் ஆகும். மருந்து செய்தவரே இதில் சோர்ந்துபோயிருந்தாலும் ஆச்சரியமில்லை. ஜெசி வில்சன் கூகுளைவிட்டு, பாப் லீ இருந்த ஸ்கொயருக்குப் போனார்.

போனவர் செய்த காரியம், சொல்லும்போது மிக எளிதாகத் தெரியும். ஆண்ட்ராய்டு திறந்த மூலம் என்பதால், தாம் திருத்தி எழுதிய அந்த எச்டிடிபி நிரலை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். அதை இயங்குதளத்திலிருந்து பெயர்த்தெடுத்து, புதுப் பெயர் கொடுத்து, செயலிக்குள் வைத்து அனுப்பக்கூடிய தனி நூலகமாக்கினார். இனி பழைய கைப்பேசியிலும் நேற்று எழுதிய திருத்தம் ஓடும். தயாரிப்பாளரின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டாம். செயலியைப் புதுப்பித்தால் போதும். புதுப் பெயர் வைத்ததால், அப்பாச்சி நகலுக்கு நேர்ந்த பெயர் மோதலும் இல்லை. 2013 மே மாதம் அதன் முதல் பதிப்பு வெளிவந்தது. பெயர், ஓகே-எச்டிடிபி.

அதே மாதத்தில் ஸ்கொயரிலிருந்து இன்னொரு நூலகமும் 1.0 நிலையை எட்டியது. பாப் லீ தொடங்கிவைத்து, ஜேக் வார்ட்டன் முன்னெடுத்த ரெட்ரோஃபிட். எந்த முகவரிக்கு, எந்த முறையில், எந்த ஹெடரோடு கோரிக்கை போக வேண்டும் என்று ஒரு ஜாவா இடைமுகத்தின் தலையில் குறிப்பெழுதிவைத்தால் போதும், மிச்ச நிரலை அதுவே உருவாக்கிக்கொள்ளும். கோரிக்கையின் உருவத்தை ஒன்று பார்த்துக்கொண்டது, அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பாட்டை மற்றது பட்டது. ஒரு முகவரியில் சர்வர் எட்டவில்லை என்றால் ஓகே-எச்டிடிபி அடுத்த முகவரியைத் தானே முயன்றது, இணைப்புகளைக் குளத்தில் பத்திரமாக வைத்திருந்தது, கூகுள் அப்போது சோதித்துவந்த ஸ்பீடி என்ற வேக நெறிமுறையையும் பேசியது. நிரலாளர்கள் ஆசையோடு எடுத்துக்கொண்டார்கள். அவர்களோடு சேர்ந்து, யாரும் எதிர்பாராத ஒருவரும் அதை எடுத்துக்கொண்டார்.

2013 அக்டோபர் கடைசி நாளில் ஆண்ட்ராய்டு 4.4 கிட்காட் வெளியானது. அதில் ஓடிய செயலிகள் சில இணையம் அறுந்து விழுந்தபோது, பிழைப் பதிவைத் திறந்து பார்த்தவர்கள் கண்ணைத் தேய்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஓகே-எச்டிடிபியைத் தொட்டே பார்க்காத செயலியின் பதிவிலும் அந்தப் பெயர் வரிசையாக நின்றது. பழைய எச்டிடிபி-யூஆர்எல்-கனெக்‌ஷனை அழைத்தால், உள்ளே வேலை செய்தது ஸ்கொயரின் நிரல். கூகுள் தன் வீட்டிலிருந்து போன பிள்ளையைத் திரும்ப அழைத்து, கைப்பேசியின் அடிவயிற்றில் உட்கார வைத்துவிட்டது. ஹார்மனியில் பிறந்து, ஆண்ட்ராய்டில் வளர்ந்து, பணம் வாங்கும் நிறுவனத்தில் தேறி, மறுபடி ஆண்ட்ராய்டுக்கே வந்த நிரல் அது.

திரும்ப வந்தபோது கூகுள்காரர்கள் ஒரு முன்னெச்சரிக்கை செய்தார்கள். உள்ளே வைத்த நகலின் பெயரில் ஸ்கொயர் என்றிருந்த இடத்தில் ஆண்ட்ராய்டு என்று மாற்றினார்கள். அதனால் செயலி தன்னோடு கொண்டுவரும் புதிய நகலும் கைப்பேசியின் பழைய நகலும் ஒரே கூரையின் கீழ் சண்டையில்லாமல் இருந்தன. அப்பாச்சியில் பட்ட காயத்துக்கு இது நேரடி மருந்து. அந்த அப்பாச்சி நகலோ 2015இல் ஆண்ட்ராய்டு 6.0 வந்தபோது வெளியேற்றப்பட்டது. 2016 ஜனவரியில் ஸ்கொயரும் தன் மூன்றாம் பதிப்புக்கு வேறு பெயர்வெளி கொடுத்து, இரண்டாம் பதிப்போடு அது மோதாமல் பார்த்துக்கொண்டது. பெயர்ச் சிக்கல் தீர்ந்தது. பூஜ்யச் சிக்கல் மட்டும் 2004இலிருந்து கைமாறிக் கைமாறி, புது நூலகத்துக்குள்ளும் வந்து உட்கார்ந்திருந்தது.

பழைய கருவிக்கு மாற்றாக வந்ததால் பழைய கருவியின் பழக்கத்தையும் ஓகே-எச்டிடிபி எடுத்துக்கொண்டிருந்தது. நிரலாளர் கெடு வைக்காவிட்டால் அது முடிவில்லாமல் காத்திருந்தது. வைப்பதற்கு வசதி இருந்தது. ஆனால் வசதி இருப்பதும் ஆட்கள் அதைத் தொடுவதும் வேறு வேறு. பெரும்பாலான செயலிகள் கொடுத்ததைக் கொடுத்தபடியே வைத்துக்கொண்டு ஓடின. அதனால் யாரும் தொடாதபோது இருக்கும் மதிப்பு என்னவோ, அதுவே கோடிக்கணக்கான கைப்பேசிகளின் நடத்தை ஆகிவிடுகிறது. இதை உணர்ந்த ஸ்கொயர் குழு 2015 ஆகஸ்டில் 2.5 பதிப்பை வெளியிட்டபோது, இதுவரை நாங்கள் கடைப்பிடித்த கொள்கை மட்டமானது என்று வெளியீட்டுக் குறிப்பிலேயே ஒளிவுமறைவின்றி எழுதியது. அந்தப் பதிப்பு முதல் பூஜ்யம் போய், 10 விநாடி வந்தது.

இணைப்புக் கிடைக்க 10, அடுத்த பைட் வர 10, அடுத்த பைட் போக 10. ஓர் ஆண்ட்ராய்டு செயலியில் சுழலும் வட்டம் நின்று, இணைப்பைச் சரிபார்க்கவும் என்ற வாசகம் வரும்போது, பல நேரங்களில் அதன் பின்னால் இருப்பது இந்த 10தான். இதிலும் ஒரு சந்து இருந்தது. இது மொத்த நேரத்துக்கான கெடு இல்லை. ஒன்பது விநாடிக்கு ஒரு பைட் வீதம் சொட்டும் சர்வரிடம் கைப்பேசி நாள்முழுக்க உட்கார்ந்திருக்கும். முழு அழைப்புக்கும் சேர்த்து ஒரே கெடு வைக்கும் வசதி 2018 நவம்பரில் 3.12 பதிப்பில் வந்தது. பெரிய கோப்பை ஏற்றுபவருக்கும் சின்னக் கேள்வி கேட்பவருக்கும் ஒரே எண் பொருந்தாது என்பதால், அதற்கு மட்டும் இயல்பு மதிப்பு வைக்காமல் விட்டார்கள். அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

இதற்கிடையே கைப்பேசியின் அடிவயிற்றில் இருந்த நகல் என்ன ஆனது? வெளியே ஓகே-எச்டிடிபி மூன்றாம் பதிப்பைத் தாண்டி, 2019இல் காட்லின் மொழிக்கே மாற்றி எழுதப்பட்டது. ஆண்ட்ராய்டுக்குள் இருப்பது இரண்டாம் பதிப்பின் வரிசையிலேயே நின்றுபோயிற்று. அதிலும் 10 விநாடி வந்திருக்க வேண்டுமே என்று தோன்றலாம். வரவில்லை. எச்டிடிபி-யூஆர்எல்-கனெக்‌ஷனுக்குப் பூஜ்யம் என்றால் முடிவின்மை என்று ஜாவா எழுதிக் கொடுத்த வாக்கை நம்பி எழுதப்பட்ட செயலிகள் உலகெங்கும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆகவே கூகுள் பொறியாளர்கள், ஸ்கொயர் வைத்த 10ஐ அழித்துவிட்டு, மூன்று கெடுக்களையும் வேண்டுமென்றே மறுபடி பூஜ்யமாக்கும் வரிகளை எழுதி, முடிவின்மை என்று பக்கத்தில் குறிப்பும் வைத்தார்கள்.

ஒரே நிரல் இப்போது ஒரே கைப்பேசியில் இரண்டு விதமாக நடந்துகொள்கிறது. செயலி தன்னோடு கொண்டுவந்தால் 10 விநாடியில் கைவிடும், கைப்பேசியில் உள்ளதை அழைத்தால் கைவிடவே கைவிடாது. எந்தச் சார்பு நூலகமும் வேண்டாம், கைப்பேசியில் இருப்பதே போதும் என்று சிக்கனமாக எழுதும் நிரலாளர், 2004இல் ஜாவா 5 கொடுத்த அந்த இரண்டு கெடு வரிகளையும் இன்றைக்கும் தம் கையால் எழுதியே ஆக வேண்டியிருக்கிறது.